பல்லைத் தாங்கும் நால்வர்

பத்தாம் வகுப்பு அறிவியல் மன்ற மாணவியர்



இந்த ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முந்திய வாரம். மாலையில் கோ-கோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஓடிவந்த வேகத்தில் கம்பத்தில் மோதி விழுந்தாள். எழுந்தபோது வாயெல்லாம் இரத்தம். அவளுடைய மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் கிடந்தது.

நாங்கள் பதறிப்போனோம். பதற்றத்தில் எங்களுக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் செய்தோம். ஒருத்தி பல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டு, வேரில் ஒட்டியிருந்த சவ்வெல்லாம் போகும்வரை தேய்த்துக் கழுவினாள். இன்னொருத்தி அதைக் கைக்குட்டையில் துடைத்து, மடித்து, பத்திரமாக முடிந்து வைத்தாள். வீட்டார் வந்து, வண்டி கிடைத்து, பல் டாக்டரிடம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. பல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “பல்லுக்கு ஒரு குறையும் இல்லை அம்மா. அதைத் தாங்கிக்கொண்டிருந்த நார்தான் செத்துவிட்டது. நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தது அதைத்தான்” என்றார். பல்லை மீண்டும் குழியில் பொருத்திக் கம்பி கட்டி அனுப்பினார். ஆனால் அது நெடுநாள் நிற்குமென்று உறுதி சொல்லவில்லை.

அந்த வாரமே எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டிலிருந்து மற்றொரு செய்தி கொண்டுவந்தாள். அவளுடைய அப்பாயிக்கு ஒரு கடைவாய்ப்பல் தானாகவே ஆடி விழுந்துவிட்டதாம். அப்பாயி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இந்தாப் பாரு தாயி, ஒரு பொத்தல் இல்ல, ஒரு சொத்தை இல்ல. பிறகு ஏன் விழுந்துச்சு?” என்று கேட்டாராம். தோழியால் பதில் சொல்ல முடியவில்லை. எங்களாலும் முடியவில்லை.

எட்டாம் வகுப்புத் தங்கையின் பல்லும் நல்ல பல். அப்பாயியின் பல்லும் நல்ல பல். இரண்டும் ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வியை அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கொண்டுபோனோம். “பல்லைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள், பல் நிற்கும் நிலத்தைப் பற்றிப் படிக்கவில்லை. படித்து வந்து எல்லாருக்கும் சொல்லுங்கள்” என்றார். அப்படிப் படித்ததைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்கிறோம்.

பல்லும் அதன் பிடிமானமும்

குழந்தைக்குப் பாற்பற்கள் 20. வளர்ந்தவருக்கு நிலைப்பற்கள் 32. ஒவ்வொரு பல்லிலும் வாய்க்குள் நமக்குத் தெரிகிற மேற்பகுதியைத் தலைப்பகுதி என்றும், தாடைக்குள் மறைந்திருப்பதை வேர் என்றும் சொல்கிறோம். தலைப்பகுதியின் மேல் எனாமல் உறை இருக்கிறது. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்கு உள்ளே டென்டைன். நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பல் தாடையில் எப்படி நிற்கிறது என்று கேட்டால், வேலிக்கால் குழியில் நட்டு மண் தள்ளி இறுக்கியது போல நிற்கிறது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது தவறு. பல் குழியில் ஊன்றி நிற்கவில்லை. குழந்தை தூளியில் கிடப்பதுபோல் தொங்கிக்கொண்டிருக்கிறது!

அதைத் தாங்குபவை நான்கு: ஈறு, பற்சிமெண்டு, பல்சூழ் நார், பற்குழி எலும்பு. இந்த நால்வரில் ஒருவர் சோர்ந்தாலும் மற்ற மூவரும் சோர்வார்கள்.

முதலாமவர்: ஈறு

கண்ணாடியில் பார்த்தால் தெரிபவர் இவர் ஒருவரே. ஈறு பல்லின் கழுத்தைச் சுற்றி இறுக்கமான காப்புப் போல் பிடித்திருக்கிறது. வாயில் இருக்கும் கிருமிகள் உள்ளே இறங்காதபடி காக்கும் கதவு இதுதான். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு சிறு பள்ளம் உண்டு. நல்ல ஈறில் அதன் ஆழம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. பல் டாக்டர் அளவு கோடிட்ட மெல்லிய கம்பியை விட்டுப் பார்ப்பது இந்த ஆழத்தைத்தான்.

நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நம்மில் பலருக்கு ஈறு சற்றுக் கறுப்பாக இருக்கும். அது நம் தோலின் நிறம் போன்றதே, நோயன்று. பிறவியிலேயே கறுத்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீங்கி, பளபளத்து, தொட்டால் இரத்தம் கசிவதுதான் நோயின் அடையாளம்.

இரண்டாமவர்: பற்சிமெண்டு

எங்கள் ஊர்ப்பக்கம் சிமெண்டு என்றால் தெரியாதவர் யார்? அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்து ஆலைக்குக் கொண்டுபோகும் லாரிகளைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். பல்லின் வேருக்கும் ஒரு சிமெண்டுப் பூச்சு உண்டு என்று படித்தபோது எங்களுக்கு ஒரே வியப்பு.

இது எலும்பைப் போன்ற ஒரு பொருள். ஆனால் எலும்பில் இருப்பதுபோல் இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. பல்லின் கழுத்தருகே மிக மெல்லியதாகவும், வேரின் நுனியில் சற்றுத் தடிப்பாகவும் இருக்கும். வீட்டுச் சிமெண்டு கல்லையும் கல்லையும் நேராக ஒட்டுகிறது. பற்சிமெண்டு பல்லை எலும்போடு ஒட்டுவதில்லை. நார்களின் ஒரு முனையைத் தனக்குள் புதைத்துப் பிடித்துக்கொள்கிறது. சுவரில் அடித்த கொக்கியில் கயிறு மாட்டுவதுபோல் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாமவர்: பல்சூழ் நார்

நால்வரில் கண்ணுக்குத் தெரியாத நாயகர் இவர்தான். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்; அதாவது உங்கள் நோட்டுத் தாள் இரண்டு மூன்றை அடுக்கினால் வரும் தடிப்பு. அந்த இடுக்குக்குள் ஆயிரக்கணக்கான நார்கள். கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன இந்த நார்கள் ஒருபுறம் பற்சிமெண்டிலும் மறுபுறம் எலும்பிலும் புதைந்திருக்கின்றன. எலும்பில் புதைந்த முனைகளுக்கு, 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்காட்லாந்து உடற்கூற்று அறிஞர் வில்லியம் ஷார்ப்பியின் பெயரால் ஷார்ப்பி நார்கள் என்று பெயர்.

பெரும்பாலான நார்கள் எலும்பிலிருந்து வேரை நோக்கிச் சாய்வாக ஓடுகின்றன. கடிக்கும்போது பல் குழிக்குள் அழுந்தப் பார்க்கிறது; நார்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. எலும்பின் மேல் விழ வேண்டிய குத்து, இழுப்பாக மாறிவிடுகிறது. வண்டியில் வில் இருந்தால் குலுக்கல் தெரியாதது போலத்தான். கரும்பைக் கடித்தாலும் முறுக்கைக் கடித்தாலும் தாடை நோகாமல் இருப்பது இந்த நாரின் உபகாரமே.

இதில் நரம்புகளும் நிறைய இருக்கின்றன. சோற்றில் ஒரு சிறு மணல் இருந்தால், கடிப்பதற்கு முன்பே சட்டென்று தாடை நிற்கிறதல்லவா? அந்தச் செய்தியை மூளைக்கு அனுப்புவது பல்சூழ் நார்தான். பல்செட்டு வைத்தவர்களுக்கு இந்த நுட்பம் குறைந்துபோவதற்குக் காரணம், அந்தச் செயற்கைப் பல்லுக்கு நார் இல்லாததே.

வேரையும் எலும்பையும் இணைப்பது மட்டுமன்று, அவற்றைப் பிரித்து வைப்பதும் இந்த நாரின் வேலை. நம் எலும்பு ஓயாமல் பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. இடையில் உயிருள்ள நார் இல்லையென்றால், எலும்பு வேரையும் தன்னில் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கரைத்துவிடும். எங்கள் தங்கையின் பல்லைப் பற்றி டாக்டர் உறுதி சொல்லாததற்குக் காரணம் இப்போது எங்களுக்குப் புரிந்தது.

நான்காமவர்: பற்குழி எலும்பு

தாடை எலும்பின் விளிம்பில் பற்களுக்கென்றே அமைந்த குழிகள் இருக்கின்றன. பல் முளைக்கும்போது இந்த எலும்பும் வளர்கிறது. பல் போனால் இதுவும் தேய்ந்துவிடுகிறது. பொக்கை வாய்த் தாத்தாக்களின் கன்னம் ஒடுங்கி, மோவாயும் மூக்கும் கிட்ட வருவது பல் இல்லாததால் மட்டுமன்று. அந்தப் பல்லுக்காக இருந்த எலும்பும் போய்விட்டதால்தான்.

உயிருள்ள எலும்பாக இருப்பதால் இது இடமும் கொடுக்கும். நம் வகுப்புகளில் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் தோழியரைப் பாருங்கள். கம்பி பல்லை மெதுவாக ஒருபுறம் தள்ளுகிறது. அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு உண்டாகிறது. இந்த மாற்றத்தை நடத்திவைப்பதும் நடுவில் இருக்கும் நார்தான்.

ஓணான், சுறா, முதலை

எல்லா உயிர்களுக்கும் பல் இப்படி நிற்கிறதா? இல்லை. வேலியில் தலையாட்டும் ஓணானுக்குப் பெரும்பாலான பற்கள் தாடை விளிம்போடு நேராக ஒட்டியே இருக்கின்றன, குழி கிடையாது. சுறாமீனுக்கும் குழி கிடையாது. அதன் தாடை குருத்தெலும்பு. அதன் மேல் நார்த்திசுவில் பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். முன்வரிசை விழ விழப் பின்வரிசை முன்னால் வரும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது.

இந்த உண்மைக்குச் சான்று தேடிக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் நம் அரியலூரும் பெரம்பலூரின் கீழ்ப்பகுதியும் கடலாக இருந்தன. காரை, குளக்காநத்தம் பக்கத்துப் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் கல்லாகக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வாரணவாசியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பகுதிப் பாறைகளில் சுறாப் பற்களும் கிடைத்துள்ளன. குருத்தெலும்புத் தாடை எளிதில் மக்கிப்போகும். உதிர்ந்த பல் மட்டும் கல்லோடு கல்லாக நிற்கும்.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு சிறு பல்லைக் கொண்டு, ட்ரூடான்டிட் என்னும் வகை டைனோசர் இந்தியாவிலும் வாழ்ந்தது என்று அறிஞர்கள் 2013-இல் அறிவித்தார்கள். டைனோசர்களின் பற்கள் குழிகளில் நின்றவை. இன்றும் முதலைக்கு நம்மைப் போலவே பற்குழியும், வேரின் மேல் சிமெண்டும், இடையே நாரும் உண்டு. ஆனால் முதலைக்குப் பல் விழுந்தால் மறுபடி முளைக்கும். நமக்கோ பாற்பல்லுக்குப் பின் ஒரே ஒரு முறைதான். அதனால்தான் அந்த நால்வரையும் நாம் பேணிக் காக்க வேண்டியிருக்கிறது.

அப்பாயியின் கேள்விக்கு விடை

சாப்பிட்ட பின் பல்லை நாவால் தடவிப் பாருங்கள். பல் துலக்கிச் சில மணி நேரத்துக்குள் வழவழப்பாக ஒரு படலம் படிகிறது. அது வெறும் உணவுத் துகள் அன்று, கிருமிகளின் குடியிருப்பு. துலக்கினால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறிக் கல்லாக இறுகிவிடும். இதைத்தான் பல்லில் காரை பிடித்திருக்கிறது என்கிறோம். நமக்குப் பக்கத்தில் காரை என்று ஊரே இருக்கிறது. அந்தக் காரைக்குச் சுற்றுலா போகலாம். பல்லில் பிடித்த காரையை மட்டும் தங்கவிடக் கூடாது. பல்லுக்குள் இருக்கும் சிமெண்டு நண்பன். பல் மேல் படியும் காரை பகைவன்.

1965-இல் டென்மார்க் நாட்டில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்கு வந்தது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் அந்தப் படலமே என்பதும், ஆரம்பத்திலேயே கவனித்தால் முழுவதும் குணமாகும் என்பதும் இதனால் உறுதியாயின.

கவனிக்காவிட்டால்? அதற்கும் அவரே விடை தேடினார். அந்த விடை நம் உறவினரிடமிருந்து வந்தது என்பதுதான் எங்கள் மனத்தைத் தொட்டது. 1970-இல் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளரின் வாயை அவர் குழு பரிசோதித்தது. 1985 வரை மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்தது. மலையகத் தோட்டத் தமிழரின் முன்னோர் பலர் 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான் இருந்தன.

அந்தத் தொழிலாளருக்குப் பிரஷ், பற்பசை கொண்டு பல் துலக்கும் பழக்கம் இல்லை. ஆயினும் அவர்கள் பற்களில் சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை! அப்படியிருந்தும் பற்கள் விழுந்தன. ஈறு வீக்கம் எல்லாருக்கும் இருந்தது. நூற்றுக்கு 11 பேருக்கு அது அந்த அளவோடு நின்றது. 81 பேருக்கு நாரும் எலும்பும் மெதுவாக அழிந்தன. 8 பேருக்கு வேகமாக அழிந்தன. அந்த 8 பேருக்கு 45 வயதில் பல்லின் பிடிமானம் சராசரியாக 13 மில்லிமீட்டர் போய்விட்டது. மேல்வரிசை முன்பல்லின் வேரின் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். பிடிக்க ஒன்றும் இல்லாதபோது பல் எப்படி நிற்கும்? 1986-இல் வெளிவந்த இந்த ஆய்வு இன்றும் உலகெங்கும் பல் மருத்துவ மாணவருக்குப் பாடமாக இருக்கிறது.

அப்பாயியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா? பல்லில் சொத்தை இல்லை. ஆனால் பல வருடங்களாக ஈறின் கதவு திறந்தே கிடந்தது. கிருமிகள் உள்ளே இறங்கின. அவற்றோடு உடல் நடத்திய சண்டையில் நார் அறுந்தது, எலும்பு தேய்ந்தது. வலி பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் பல் ஆடும்வரை யாரும் டாக்டரிடம் போவதில்லை. ஈறு வீக்கம் குணமாகும். போன எலும்போ தானாகத் திரும்பி வராது.

நாருக்கு உணவு

இந்த நார் ஓயாமல் பழுது பார்த்துப் புதுப்பிக்கப்படுவது. அதற்குக் கொலாஜன் வேண்டும். கொலாஜன் சரியாக உண்டாக வைட்டமின் சி வேண்டும். பழைய நாளில் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகளுக்குப் பச்சைக் காய்கனி கிடைக்காது. ஈறு வீங்கி இரத்தம் வடியும். பற்கள் ஆடி உதிரும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சீக்கிரம் தேறினார்கள். நமக்குக் கப்பல் பயணம் இல்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் சந்தையில் இருக்கின்றன. மிட்டாய்க்குச் செலவிடும் காசில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.

நாருக்கு இரண்டு பெரிய பகைவர்களும் உண்டு. ஒன்று புகையிலை. வெற்றிலையோடு போட்டாலும், புகைத்தாலும் அது ஈறைக் கெடுக்கும். புகைப்பவருக்கு ஈறில் இரத்தம் கசிவது குறைந்து காணும். ஆகவே நோய் மறைந்தே வளரும். மற்றொன்று கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருந்தால், அவர் கண்ணையும் காலையும் கவனிப்பதுபோல் ஈறையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் முன்னோர் கண்ட நல்ல வழிதான். நுனியை மென்று பஞ்சாக்கி மெதுவாகத் தேய்த்தார்கள். ஆனால் செங்கல் தூளும் அடுப்புக்கரியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்ப்பது ஈறை ஒதுக்கிவிடும், பல்லையும் தேய்த்துவிடும். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, காலையிலும் இரவிலும் 2 நிமிடம் மெதுவாகத் துலக்குவதே போதும். இரவுத் துலக்கலை விடவே கூடாது. துலக்கும்போது இரத்தம் வந்தால் பயந்து துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்று ஈறு கொடுக்கும் எச்சரிக்கை அது. இன்னும் கவனமாகத் துலக்குங்கள். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். காரையை டாக்டர் கருவி கொண்டு எடுத்தால் பல் ஆடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பல்லை ஆடவைப்பது காரையே. அதை எடுப்பது அன்று.

பல் வேரோடு விழுந்தால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து எல்லாரும் மனப்பாடம் செய்யுங்கள். எங்களுக்கு இது தெரியாமல் போனதால் ஒரு தங்கைக்கு நஷ்டம் நேர்ந்தது.

1. விழுந்தது நிலைப்பல்லா என்று பாருங்கள். சிறு குழந்தையின் பாற்பல்லானால் மீண்டும் குழியில் வைக்கக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லுக்கு அது கேடு.

2. பல்லைத் தேடி எடுங்கள். தலைப்பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள். அங்கே நாரின் உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

3. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, ஓடும் தண்ணீரிலோ ஒரு சில நொடி மட்டும் அலசுங்கள். தேய்க்க வேண்டாம்; சோப்பு வேண்டாம்; துணியால் துடைக்க வேண்டாம்.

4. முடிந்தால் உடனே அதே குழியில் சரியான பக்கம் பார்த்து வைத்து, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. வைக்க முடியாவிட்டால் ஒரு டம்ளர் காய்ச்சாத, அல்லது காய்ச்சி ஆறிய பாலில் போடுங்கள். வெறும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். அதில் அந்த உயிரணுக்கள் வெடித்துச் சாகும். உலர விடவே கூடாது.

6. ஓடுங்கள். அரை மணிக்குள் டாக்டரிடம் சேர்ந்தால் மிக நல்லது. உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கடந்தால் நார் பிழைப்பது அரிது. மண்ணில் விழுந்த காயமாதலால் தடுப்பூசி தேவையா என்றும் கேளுங்கள்.

முடிவாக

கத்தோலிக்கத் திருச்சபையில் பல்வலியால் துன்புறுவோருக்குப் பாதுகாவலியாக வணங்கப்படுபவர் புனித அப்பொலோனியா. 249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரில், விசுவாசத்தை மறுக்க மாட்டேன் என்று நின்றதற்காக அவருடைய பற்களை உடைத்தார்கள். அவர் திருநாள் பிப்ரவரி 9. பல்லை இழந்தும் சொல்லை இழக்காதவர் அவர். நாம் அத்தகைய சோதனைக்கு ஆளாகவில்லை. காலையும் இரவும் இரண்டு நிமிடம் ஒதுக்கும் சிறு கடமைதான் நம்மிடம் கேட்கப்படுகிறது.

எட்டாம் வகுப்புத் தங்கை இப்போது சிரிக்கிறாள். பல் இன்றுவரை நிற்கிறது. டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வரச்சொல்லிப் படம் எடுத்துப் பார்த்துவருகிறார். எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை அந்தப் படங்களே சொல்ல வேண்டும். அவளிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். “நீங்கள் தேடி எடுத்துக் கொடுத்ததால்தானே அக்கா இதுவும் இருக்கிறது” என்றாள். அந்தப் பதில் எங்களை இன்னும் வெட்கப்பட வைத்தது.

அப்பாயியை எங்கள் தோழி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். ஆடிக்கொண்டிருந்த இன்னொரு பல்லை எடுத்துவிட்டார்கள். மற்றவற்றுக்குக் காரை எடுத்தார்கள். வெற்றிலைச் சுருக்குப்பையிலிருந்து புகையிலையை எடுத்துவிடுவதாக அப்பாயி வாக்குக் கொடுத்திருக்கிறாராம். முழுவதும் எடுத்தாரா என்பதைத் தோழி தினமும் சோதிக்கிறாள்.

எங்கள் பள்ளி முதலுதவிப் பெட்டியின் மூடியில் மேலே சொன்ன ஆறு குறிப்புகளையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். இனி விளையாட்டு நாட்களில் சமையலறையில் ஒரு டம்ளர் பால் தனியே எடுத்து வைப்பதாக சிஸ்டரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பால் தேவைப்படாமலே போகட்டும் என்பதே எங்கள் வேண்டுதல். சாயங்காலம் அதைக் குடிப்பதற்குக் கோ-கோ ஆடுபவர்கள் இப்போதே வரிசை பிடித்துவிட்டார்கள்.